மூலையும் விழுந்த படம்

கேமராவுக்கு நம் கண்ணின் பெருந்தன்மை கிடையாது. முற்றம் வைத்த வீட்டின் கூடத்தில் பட்டப்பகலில் உட்கார்ந்தால், நம் கண் முற்றத்து வெயிலையும் பார்க்கும், மூலையில் சாத்தியிருக்கும் உலக்கையையும் பார்க்கும். கேமராவால் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். வெயிலுக்குத் தக்கபடி எடுத்தால் கூடம் கரிச்சட்டியாகிவிடும். கூடத்துக்குத் தக்கபடி எடுத்தால் முற்றம் சுண்ணாம்புக் குளமாகி, அந்த வெள்ளை தூண்களின் மேலும் வழிந்து, தூணோரம் உட்கார்ந்திருப்பவர்களைப் பாதி தின்றுவிடும். அதனால்தான் அந்தக் காலத்துப் போட்டோக்காரர்கள் எல்லோரையும் வாசலுக்கு இழுத்து வந்து, பின்னால் ஒரு திரையைக் கட்டி, வீடு இருந்த சுவடே தெரியாமல் படம் எடுத்தார்கள்.

நாற்பதுகளில், யுத்தம் முடிந்தும் தட்டுப்பாடு முடியாத காலத்தில், நான் பெரம்பலூரில் உணவு வழங்கல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். யாருக்கு எவ்வளவு நஞ்சை, எவ்வளவு விளைச்சல், சாப்பாட்டுக்கும் விதைக்கும் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், மீதியை எந்த டிப்போவில் அளக்க வேண்டும் என்பதெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். விதிகள் எனக்கு மனப்பாடம். விதி தெரிந்தவனுக்கு ஆபீசில் மரியாதை உண்டு. சொந்தக்காரர்கள் வீட்டில் அதே அளவுக்குப் பயம் உண்டு. அதையும் மரியாதை என்றே நான் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் அதிகாரி கை சுத்தமான மனிதர். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் போட்டோ. பெரிய பெட்டிக் கேமரா ஒன்று வைத்திருந்தார். கண்ணாடி பிளேட் போட்டு எடுப்பது. யுத்தத்தால் பிளேட் கிடைப்பது அரிதாகிவிட்டது. எப்போதாவது ரயிலில் அரியலூருக்கு ஒரு பார்சல் வந்தால், தன் பெண்ணுக்குப் பிரசவமானது போல அன்று முழுவதும் நிலைகொள்ளாமல் திரிவார். ஒரு நாள் மத்தியானம் பேச்சு இந்த உள்வெளிச்சம் வெளிவெளிச்சம் பற்றி வந்தது.

"உள்ளேயும் வெளியேயும் ஒரே படத்துல விழாதுப்பா. யார் எடுத்தாலும் விழாது" என்றார்.

"ரெண்டு பிளேட் இருந்தா விழும் சார்."

"எந்தப் புஸ்தகத்துல படிச்சே?"

"திருச்சியில காலேஜ் லைப்ரரியில பார்த்தேன் சார்."

"புஸ்தகத்துல எல்லாமே விழும். எடுத்துக் காட்டு. விழுந்துதுன்னா இந்த மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து நானே உனக்கு சலாம் போடறேன்."

கேமராவையும், கைவசம் இருந்த கடைசி இரண்டு பிளேட்டுகளையும் கொடுத்தார். ஒரே நிபந்தனை: படத்தை முதலில் அவருக்குக் காட்ட வேண்டும்.

எடுப்பதற்கு வீடு தயாராக இருந்தது. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் என் மாமனார் வீடு. பெரிய கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் கருங்காலி நிறத்தில் தூண்கள். என் மனைவியின் தங்கைக்கு அரியலூர்ப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்து வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகள் புருஷன் வீட்டுக்குப் போவதற்கு முன் அவளோடு கூடத்தில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. டவுனிலிருந்து வந்த போட்டோக்காரன் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வாசல்ல வந்து உக்காருங்கம்மா" என்றிருக்கிறான். தெருவில் உட்கார நான் என்ன தயிர் விற்கிறவளா என்று மாமியார் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த இடத்தில் நான் போய் நின்றேன்.

அந்த வீட்டுப் பழக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் நேருக்கு நேர் வர மாட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். அதுவும் என்னிடம் பேசாது. என் மனைவியிடம் சொல்வது போல என் காதில் போடும். படத்துக்கு எப்படி உட்காருவார் என்று எல்லோரும் யோசித்தார்கள். கடைசியில் அவரே வழி சொன்னார். "அவுருதான் கறுப்புத் துணியைப் போட்டு மூடிக்குவாராமே. அப்புறம் என்ன?"

சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டு ஆண்களும் வேலையாட்களும் வண்டி கட்டிக்கொண்டு சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். நடமாட்டம் இருந்தால் தரை அதிரும், கேமரா மயிரிழை நகர்ந்தாலும் இரண்டு பிளேட்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. மாமனார் மட்டும் மேற்பார்வைக்கு இருந்தார். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களையும் ஈரக் களிமண் உருண்டையில் பதித்து நிறுத்தினேன். அவர் ஆசைப்பட்டதால் துணிக்குள் தலையை விட்டுப் பின்பக்கக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னேன்.

"என்ன மாப்புள்ள, எல்லாம் தலைகீழாத் தொங்குது?"

"அதுல அப்படித்தாங்க மாமா தெரியும். படத்துல நேராயிடும்."

கொஞ்ச நேரம் துணிக்குள்ளேயே இருந்தார். "அந்தப் பின்பக்கத்து மூலை ஒண்ணுமே தெரியலையே. மையிருட்டா இருக்கு" என்றார்.

"கண்ணாடியில அவ்வளவுதாங்க தெரியும்."

"சரிங்க, சரிங்க. அதுவே போதும்" என்று திருப்தியோடு தலையை வெளியே எடுத்தார்.

அந்த மூலையில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. தை அறுப்பில் சர்க்காருக்கு அளக்க வேண்டியதை அளக்காமல் கல்யாணப் பந்திக்காக ஒதுக்கி வைத்தது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதாவது, மாமனார் வீட்டுக் கூடத்தில் இலை போட்டுச் சாப்பிடுகிற எனக்குத் தெரியும். பெரம்பலூர் ஆபீசில் நாற்காலியில் உட்காருகிற எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வதில்லை. அந்தக் காலத்தில் குமாஸ்தாக்கள் பலர் இப்படி இரட்டையாகத்தான் குடும்பம் நடத்தினார்கள்.

மாமியாரும் மைத்துனியும் முற்றத்தோரத் தூணருகே உட்கார்ந்தார்கள். முதல் பிளேட் முற்றத்துக்கு. லென்ஸ் மூடியைத் திறந்து உடனே மூட வேண்டும். இரண்டாவது கூடத்துக்கு. அதற்கு நிறைய நேரம் திறந்து வைக்க வேண்டும். அதுவரை உட்கார்ந்திருப்பவர்கள் அசையக் கூடாது.

"மூச்சு விடலாமா அத்தான்?" என்றாள் மைத்துனி.

"விடலாம். சிரிக்கத்தான் கூடாது."

"அப்போ எங்க அக்காவை உள்ள போகச் சொல்லுங்க. அவ மூஞ்சியைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வருது."

"ஆமாடி, அரியலூர்ல போய்ச் சிரி, உன் மாமியா வாயைத் தைப்பா" என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுக்களைக்குள் போனாள்.

இரண்டாவது பிளேட் திறந்திருந்தபோது ஒரு கோழி கூடத்தின் குறுக்கே சாவகாசமாக நடந்து போனது. அதனால் பாதகமில்லை. அவ்வளவு நேர வெளிச்சத்தில் நடமாடுகிற எதுவும் பிளேட்டில் தங்காது. அசையாமல் இருப்பது மட்டுமே தங்கும். அந்த வீட்டில் அன்று நெல் மூட்டை அளவுக்கு அசையாமல் இருந்தது வேறு எதுவும் இல்லை.

பெரம்பலூரில் என் அறையில் பிளேட்டுகளைக் கழுவினேன். பிறகு அச்சடிக்கிற வேலை. வெயில் பட்டால் மெதுவாகப் பழுப்பேறும் காகிதம் ஒன்று அப்போது கிடைத்தது. அதைப் பிளேட்டோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைத்தால் படம் கண்ணெதிரே ஊறி வரும். முதலில் கூடத்துப் பிளேட்டை வைத்து, முற்றம் விழ வேண்டிய பாகத்தைக் கறுப்புத் தாளால் மறைத்து அச்சடிக்க வேண்டும். அப்புறம் முற்றத்துப் பிளேட்டை, தூண் விளிம்புக்கு விளிம்பு பொருத்தி வைத்து, இப்போது கூடத்தை மறைத்து அச்சடிக்க வேண்டும். ஒட்டு தெரியாமலிருக்க மறைப்பின் ஓரத்தில் பஞ்சு வைத்துக் கரைக்க வேண்டும். காகிதங்கள் வீணாயின. ஒன்றில் தூண் இரண்டாகப் பிளந்தது. ஒன்றில் முற்றத்தைச் சுற்றி இழவு வீட்டுச் செய்தி போலக் கறுப்புக் கரை விழுந்தது. கடைசியில் ஒன்று அமைந்தது.

அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முற்றத்தில் துளசி மாடத்தின் காரை வெடிப்பு தெரிந்தது. தூணின் செதுக்கல் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மூலை. கண்ணாடியில் மையிருட்டாகக் கிடந்த இடத்தில் சாக்கின் நூல் நூலான நெசவும், வாய் தைத்த சணலின் முடிச்சும் விழுந்திருந்தன. என் கண்ணுக்கு அப்போது அது சாக்காகப் படவில்லை, நிழலில் பிடிபட்ட விவரமாகத்தான் பட்டது. போட்டோ எடுக்கிறவர்களுக்கு இந்த நோய் உண்டு. இருட்டுக்குள் இருப்பதை வெளியே கொண்டுவரப் பாடுபடுகிறபோது, அங்கே இருப்பது என்ன என்ற கேள்வி மனதில் எழுவதே இல்லை. மூலையை மறுபடி இருட்டாக்குவது மிகச் சுலபம். மற்ற இடங்களை மறைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் இன்னும் சிறிது நேரம் வெயிலில் காட்டினால் போதும், கறுத்துவிடும். அது எனக்குத் தெரியாததல்ல. தோன்றவில்லை.

மறுநாள் படத்தை அதிகாரி முன் வைத்தேன். ஜன்னலோரம் எடுத்துப் போய் நெடுநேரம் பார்த்தார்.

"விழுந்துடுச்சே" என்றார்.

"அந்தப் பின்பக்கத்து மூலையைப் பாருங்க சார். லென்ஸ் வச்சுப் பார்த்தா நூல்கூட எண்ணலாம்."

இதை நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது. அவர் நூலை எண்ணவில்லை. எண்ணி முடித்துவிட்டு லென்ஸைத் துடைத்து உறையில் போட்டார்.

"இது யார் வீடு?"

"மாமனார் வீடு சார்." அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே வந்தபோதுதான் சாக்கு சாக்காகத் தெரிந்தது.

"நீ இதைக் காட்டாம இருந்திருக்கலாமே."

"சார், கல்யாணத்துக்காக..."

"எந்த வீட்டுலதான் கல்யாணம் இல்லே? போன வாரம் லாடபுரத்துக்காரன் ஒருத்தன் இதையேதான் சொன்னான். நீதானே ஃபைல்ல 'ஏற்கத்தக்கதல்ல'ன்னு எழுதி எங்கிட்ட கையெழுத்து வாங்கினே."

எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதியிருந்தேன்.

அவர் எழுந்தார். மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்தார். ஒரு கணம் நின்று, "படம் ரொம்ப நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, ஸ்டாண்டிலிருந்து குடையை எடுத்துக்கொண்டார். ஜட்கா கொண்டுவரச் சொன்னார். சொந்தக்காரர் வீட்டுச் சோதனைக்கு அந்த உறவுள்ள குமாஸ்தா போகக் கூடாது என்று ஒரு விதி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மனதுக்குள் விதிகள் முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். அப்படி ஒன்று இல்லை. கூட வருகிற இன்னொரு குமாஸ்தா காய்ச்சலில் படுத்திருந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். வழி முழுவதும் அதிகாரி பிளேட் கழுவும் மருந்தின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நானும் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வாங்க மாப்புள்ள" என்று சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்த மாமனார், பின்னால் இறங்கிய குடையைப் பார்த்ததும் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அதை அவர் யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

நடைமுறைப்படி கிராம முன்சீபும் இரண்டு சாட்சிகளும் வந்தார்கள். அதிகாரி நேராகக் கூடத்துக்குப் போய், பையிலிருந்து படத்தை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, கூடத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூலைக்கு நடந்தார். கண் பழக நேரமாகும் அந்த இருட்டில் அவர் தடுமாறவே இல்லை.

"தகவல் யாருங்க குடுத்தது?" என்று முன்சீப் கேட்டார்.

அதிகாரி பொய் சொல்லத் தெரியாதவர். படத்தை மாமனாரிடம் நீட்டினார். "உங்க மாப்பிள்ளை எடுத்ததுதான். நான்கூட முடியாதுன்னு சொன்னேன்."

மாமனார் படத்தை முற்றத்து வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். தன் வீட்டைத் தானே அப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் விதியைச் சொல்லியிருப்பேன், யுத்தத்தைச் சொல்லியிருப்பேன், சர்க்காரைச் சொல்லியிருப்பேன். ஆனால் மருமகனை வீட்டுக்குள் வைத்து ஒரு சொல் கடிந்து பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"நல்லாத்தான் விழுந்திருக்கு மாப்புள்ள" என்றார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "மாப்புள்ளைக்கு நாற்காலி எடுத்துப் போடுங்க. வெயில்ல வந்திருக்காரு" என்றார்.

நாற்காலி வந்தது. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அதிகாரி நின்றுகொண்டிருந்தார், முன்சீப் நின்றுகொண்டிருந்தார், மாமனார் நின்றுகொண்டிருந்தார். நான் அதில் உட்கார்ந்து பறிமுதல் மகஜர் எழுதினேன்.

மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது, ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று, "கல்யாணத்துக்கு அரிசி வேணும்னு தனியா மனு போடலாங்க மாமா" என்றேன்.

"எங்க போடணுங்க?"

"எங்க ஆபீசுலதாங்க."

"அதை யாரு பாப்பாங்க?"

"நான்தாங்க."

"சரிங்க" என்றார். அவர் போடவில்லை. பிடிபட்டவர் மனு நிராகரிக்கப்படும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

கொல்லைப்புறத்தில் என் மனைவி காத்திருந்தாள். கல்யாண வேலைக்காக ஒரு மாதமாகத் தாய் வீட்டில் இருந்தாள். என்னைக் கடிந்துகொள்ள அந்த வீட்டில் உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான்.

"அந்தப் படத்தைக் குடுங்க. அம்மா பாக்கணுமாம்."

கொடுத்தேன். அவளே முதலில் பார்த்தாள். மூலையைப் பார்க்கவில்லை.

"ஏங்க, அம்மா முகம் கலைஞ்சிருக்கே. பாக்கலையா நீங்க?"

வாங்கிப் பார்த்தேன். பிளேட் திறந்திருந்தபோது மாமியார் ஒரு தரம் மகள் பக்கம் திரும்பியிருக்கிறார். கன்னமும் மூக்கும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குழைந்து, யாரென்று சொல்ல முடியாதபடி இருந்தன. மகள் முகம் கல்வெட்டுப் போல விழுந்திருந்தது. அத்தனை நாள் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தும் நான் அந்த இடத்துக்கு வரவே இல்லை. யாருக்காக எடுத்த படமோ, அவரை நான் பார்க்கவில்லை.

"சாக்குத் தையலெல்லாம் தெரியுதாமே, உங்க ஆபீசரு சொன்னாரு" என்றாள்.

படத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"இன்னொண்ணு எடுக்க முடியுமா?"

"பிளேட் இல்ல."

படத்தை உள்ளே எடுத்துப் போனாள். சிறிது நேரம் கழித்துக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது, வழக்கம் போல மகளிடம் சொல்வது மாதிரி. "எம் பொண்ணு நல்லா விழுந்திருக்கா. எனக்கு அது போதும். அவுரை மனசு சங்கடப்பட வேண்டாம்னு சொல்லு."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. பந்தலில் குறையில்லை, நாதஸ்வரத்தில் குறையில்லை. பந்தியில் வரகரிசிச் சோறு போட்டார்கள். ஏழெட்டுக் காய் வைத்து, பருப்பும் நெய்யும் தாராளமாக ஊற்றினார்கள். ஆனாலும் வரகு வரகுதான். அரியலூர்க்காரர்கள் இலையைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க சம்பந்தி, பத்தியச் சாப்பாடா?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார். பந்தியில் சிரிப்பு எழுந்தது.

"காலம் அப்படிங்க" என்றார் மாமனார்.

"தாலுகா ஆபீஸ் மாப்புள்ள இருக்கிற வூட்டுலயே அரிசி இல்லேன்னா, நாங்கள்லாம் எங்க போறது?"

மாமனார் கையில் நெய்க் கிண்ணத்தோடு நின்றார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வாக்கியத்தில் அவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். கைநீட்டி என்னைக் காட்டியிருந்தால் போதும்.

"அவுரு இருக்கறதாலதாங்க எல்லாம் சட்டப்படி நடக்குது" என்று சொல்லிவிட்டு, பெரியப்பாவின் இலையில் இன்னும் ஒரு கரண்டி நெய்யை ஊற்றினார். அதில் குத்தல் இருந்ததா என்று அன்றைக்கும் தேடினேன், பென்ஷன் வாங்குகிற இந்த வயதிலும் தேடுகிறேன். கிடைக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

என்னைப் பந்தியின் தலைப்பில், புது மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மூத்த மருமகனுக்கு உரிய இடம் அது. என் மனைவி ஒரு சிறு பாத்திரத்தோடு வந்தாள். புது மாப்பிள்ளை இலையில் வெள்ளைச் சோறு வைத்தாள். அடுத்தபடி என் இலையில் வைத்தாள். அதோடு பாத்திரத்தை மூடிக்கொண்டாள். வரிசை முழுவதும் இலைகளில் வரகு மங்கலாகக் கிடக்க, இரண்டு இலைகளில் மட்டும் வெள்ளை தெரிந்தது. எதிர்வரிசைப் பெரியப்பா குழம்பு பிசைவதை நிறுத்திவிட்டு என் இலையைப் பார்த்தார்.

"எனக்கும் வரகே போடு" என்று தணிந்த குரலில் சொன்னேன்.

"அம்மா உங்களுக்குன்னு தனியா வடிச்சது. வூட்டுச் சாப்பாட்டுக்குன்னு சர்க்காரு விட்டுட்டுப் போனதுல எடுத்து வச்சிருக்காங்க. பேசாம சாப்புடுங்க."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். மிச்சம் வச்சீங்கன்னா அம்மா அழுதுடுவாங்க."

பெண் கொடுத்த வீட்டு இலையில் மருமகன் மிச்சம் வைத்தால் வீட்டாருக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து பிசைந்தேன். புது அரிசி, குழையாமல் பதமாக வடித்திருந்தார்கள். ரசத்துக்கு ஒரு தரம் வைத்தாள். தயிருக்கு மறுபடி பாத்திரத்தைத் திறந்து, அடியில் இருந்ததை வழித்து வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.